எட்டாயிரம் ரூபாயும் ஒரு ஸ்டிக்கும்: கையடக்க கேம் கருவியின் விலைக்குள் என்ன இருக்கிறது

போன ஐப்பசியில் ஒரே நாளில் இரண்டு கையடக்க கேம் கருவிகள் என் மேசைக்கு வந்தன. கோத்தகிரியில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேம் கருவிகள் வருவது அபூர்வம் என்பதால் இரண்டுமே நினைவில் நிற்கின்றன. ஒன்று, சீசன் நேரத்தில் ஊட்டியில் சாலையோரக் கடைகளில் தொங்கும் 'நானூறு கேம்' வகை. அறுநூறு ரூபாய் கொடுத்திருப்பார்கள். அதைக் கொண்டு வந்தவர் எஸ்டேட்டில் இலை பறிக்கும் ஒரு அக்கா, கூட எட்டாவது படிக்கும் பையன். இன்னொன்று எழுபதாயிரம் ரூபாய்க் கருவி. பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற ஓர் இளைஞருடையது.

அறுநூறு ரூபாய்க் கருவியின் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே பிஎல்-5சி பேட்டரி, பழைய நோக்கியா போன்களில் போட்ட அதே சதுரம். உப்பிப்போயிருந்தது. டிராயரில் கிடந்த இன்னொன்றைப் போட்டதும் பாட்டுச் சத்தத்தோடு உயிர் வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை. எழுபதாயிரம் ரூபாய்க் கருவியில், கட்டைவிரலால் தள்ளுகிற குட்டிக் குச்சியான ஸ்டிக், இடது பக்கத்தது, தானாக வேலை செய்தது. கையை எடுத்துவிட்டாலும் திரையில் இருந்த ஆள் இடப்பக்கமாக நடந்துகொண்டே இருந்தான். அதற்கான ஸ்பேர் கோயம்புத்தூரிலும் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது.

அக்கா கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, இவனுக்கு இது பத்தலையாம். எட்டாயிரம் சேத்து வெச்சிருக்கேன். அந்தக் காசுக்கு நல்லதா ஒண்ணு கிடைக்குமா, இல்ல ஏமாத்திடுவாங்களா?"

"ரெண்டுமே நடக்கும்க்கா. ரெண்டு நாள் குடுங்க, யோசிச்சுச் சொல்றேன்."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நாள் யோசனைதான். விலைக்கும் தரத்துக்கும் நடுவில் கருவி செய்பவர்கள் எங்கே குறைக்கிறார்கள், எங்கே குறைத்தால் நமக்கு நஷ்டமில்லை, எங்கே குறைத்தால் பணம் தண்ணீரில் போகிறது என்பதே விஷயம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிப்பின் வேகத்தைக் குறைத்து விலையை இறக்குகிறவர் பெரும்பாலும் நேர்மையானவர். கை தொடுகிற பாகத்திலும், கண் பார்க்கிற பாகத்திலும், மின்சாரம் நுழைகிற வாசலிலும் குறைக்கிறவர் நம் தலையில் கட்டுகிறார். விளம்பரப் பட்டியலிலோ முதலாவதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். மற்றவை இருக்கவே இருக்காது.

இதை முதலில் தெளிவாகப் புரிந்துகொண்டவர், ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவில் கருவிகளை வடிவமைத்த குன்பெய் யோகோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவருக்குக் கையடக்க விளையாட்டு என்ற எண்ணமே வந்தது என்பார்கள். 1980-இல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' வரிசை அப்படிப் பிறந்தது. கால்குலேட்டர் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டு எல்சிடி விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டு வந்திருந்த நேரம் அது. அந்த மலிவான திரையையே அவர் விளையாட்டாக்கினார். நன்றாகப் பழகி, விலை இறங்கி, கோளாறுகளெல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்துப் புதிய இடத்தில் பயன்படுத்துவது அவருடைய கொள்கை. அதை 'காய்ந்த தொழில்நுட்பம்' என்றே அழைத்தார். எங்கள் மலை ரயிலின் பற்சக்கரப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி ஏறுகிற அந்தச் சரிவுக்கு அந்தப் பற்கள்தான் இன்றும் பிடிமானம்.

1989-இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் கருவி இந்தக் கொள்கையின் உச்சம். 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட சின்னத் திரை. பச்சை கலந்த நான்கு நிழல்கள், நிறம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. அமெரிக்காவில் 89.99 டாலர். அதே ஆண்டு அட்டாரி லிங்க்ஸ் வந்தது. வண்ணத் திரை, பின்விளக்கு, வேகமான சிப் எல்லாம் இருந்தன. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த ஆண்டு ஜப்பானில் செகாவின் கேம் கியரும் வண்ணத்தோடு வந்தது. கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் பாய் பரிதாபமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் லிங்க்ஸும் கேம் கியரும் ஆறு பேனா பேட்டரிகளை மூன்று நான்கு மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. ஒவ்வொரு வாரமும் பேட்டரிக்குக் காசு கேட்கிற கருவியா, கேட்காத கருவியா என்பதை அப்பா அம்மாக்கள்தானே முடிவு செய்வார்கள்? கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியது.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. பேனா பேட்டரி போய் லித்தியம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கையடக்கக் கருவியில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது வாட், அதாவது கருவி இழுக்கிற மின்சாரத்தின் அளவு. கையில் பிடிக்கிற பொருள் ஓர் எடைக்கு மேல் போக முடியாது. எடைக்குள் அடங்கும் பேட்டரியும் அவ்வளவுதான். பேட்டரி இவ்வளவுதான் என்றால் சிப் குடிக்கிற மின்சாரமும் இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக்கை எடுத்துக்கொள்வோம், கணினி விளையாட்டுகளைக் கையிலேயே ஓட்டுகிற கருவி அது. 2022 பிப்ரவரியில் 399 டாலரில் தொடங்கியது. அதன் பேட்டரி 40 வாட்-மணி. அதாவது மொத்தக் கருவியும் 20 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம், 10 வாட் இழுத்தால் நான்கு மணி நேரம். கணக்கு இவ்வளவு எளிது. அதனால்தான் அதன் சிப்பை 15 வாட்டுக்கு மேல் போகவிடாமல் கட்டி வைத்தார்கள். 2023-இல் வந்த ஆசுஸ் நிறுவனத்தின் ராக் அலை (ROG Ally) கருவியிலும் 40 வாட்-மணி பேட்டரிதான். ஆனால் அதன் சிப் 30 வாட் வரை போகும். அந்த வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாண்டாமல் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டே பேட்டரியை 80 வாட்-மணியாக இரட்டித்து அதே கருவியின் புதுப் பதிப்பை அவர்கள் கொண்டு வந்ததே, முதல் பதிப்பில் எது குறைவாக இருந்தது என்பதற்குச் சாட்சி. ஒப்பிட்டுப் பார்க்க, அக்கா பையனின் பிஎல்-5சி பேட்டரி நான்கு வாட்-மணிக்கும் சற்றுக் குறைவு. அந்தக் கருவியின் சிப்புக்கு அதுவே தாராளம்.

திரையும் இதே கணக்கில்தான் வரும். 'ஃபுல் எச்டி' என்றால் எல்லோருக்கும் ஆசை. 1920-க்கு 1080 என்றால் இருபது லட்சம் புள்ளிகளுக்கு மேல். ஸ்டீம் டெக்கின் 1280-க்கு 800 என்றால் பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். ஏழு இன்ச் திரையில், ஒரு முழத் தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் கொஞ்சம்தான். சிப்புக்கோ வேலை இரண்டு மடங்கு. நாலு பேருக்குச் சமைக்கிற வீட்டில் எட்டுப் பேருக்கு உலை வைக்கிற மாதிரி. ஸ்டீம் டெக்கில் இன்னொரு நல்ல யோசனையும் உண்டு. திரையை நொடிக்கு 40 முறை புதுப்பிக்கும்படி வைத்து, விளையாட்டையும் 40 படங்களில் நிறுத்திவிடலாம். 30 என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி நொடி, 60 என்றால் 17. இரண்டுக்கும் நட்டநடுவில் 25 மில்லி நொடி, அதுதான் 40. கைக்கு 60-இன் பக்கம் போனது போல இருக்கும், பேட்டரிக்கோ சுமை அந்த அளவு ஏறாது. பணம் செலவழிக்காமல் தரத்தைக் கூட்டிய வேலை இது.

விலையை எங்கே குறைத்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. 399 டாலர் ஸ்டீம் டெக்கில் சேமிப்பகம் 64 ஜிபி மட்டும், அதுவும் மெதுவான வகை. பெரிய குறைதான். ஆனால் அது தாய் பலகையில் ஒட்டிவைத்த பாகம் இல்லை. கழற்றிப் பெரியதைப் போடலாம். எஸ்டி கார்டும் செருகலாம். பின்னால் கையில் காசு வரும்போது நிரப்பிக்கொள்ளக்கூடிய இடத்தில் குறைத்திருக்கிறார்கள். கை எப்போதும் தொடுகிற ஸ்டிக், பொத்தானிலும், பின்னால் கூட்ட முடியாத ரேம் என்கிற நினைவகத்திலும் கை வைக்கவில்லை. விலையை அங்கே நிறுத்தியது வலித்தது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் அப்போது சொன்னார். நம்புகிறேன்.

ஆனால் அந்த வலியைத் தாங்க அவர்களுக்கு வேறு வருமானம் இருக்கிறது. கருவி வாங்கியவர் அவர்களுடைய ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டு வாங்குவார். ஒவ்வொன்றிலும் அவர்களுக்குப் பங்கு வரும், வழக்கமாக 30 சதவீதம். நிண்டெண்டோவுக்கும் விளையாட்டுகளில்தான் வாழ்வு. ஆசுஸுக்கும் லெனோவாவுக்கும் அந்தக் கடை இல்லை. பெட்டியை விற்ற அன்றைக்கே லாபம் பார்த்தாக வேண்டும். ஏறக்குறைய ஒரே திறமுள்ள கருவிகள் நூற்றுக்கணக்கான டாலர் வித்தியாசத்தில் நிற்பதற்கு இது முக்கியமான காரணம். இந்தியாவில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாகிறது. ஸ்டீம் டெக்கை வால்வ் இங்கே நேரடியாக விற்பதில்லை. நிண்டெண்டோவும் தன் ஸ்விட்ச் கருவியை இங்கே நேரடியாக விற்கவில்லை. யாராவது கொண்டு வந்து விற்பதுதான். வாரண்டி கிடையாது, விலையில் கொண்டு வந்தவரின் லாபமும் ஏறியிருக்கும். முறைப்படி கடைக்கு வந்தவை ஆசுஸ், லெனோவா போன்றவை. ராக் அலை 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு வந்தது. ஆக, வெளிநாட்டில் மலிவாகக் கிடைப்பது இங்கே வருவதில்லை, இங்கே வருவது மலிவாக இருப்பதில்லை. கோத்தகிரியில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வழியில்லை.

ரேம் விலையையும் சொல்லிவிட வேண்டும். 2025 கடைசியில் நினைவகச் சிப்புகளின் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்காகப் பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் வந்த தட்டுப்பாடு. 16 ஜிபி, 24 ஜிபி என்று வைக்கும் பெரிய கருவிகளை இது நேராக அடிக்கும். ஒரு ஜிபியில் ஓடும் சின்னக் கருவிகளுக்கு அடி குறைவு.

இப்போது எட்டாயிரம் ரூபாய்க்கு வருவோம். இந்த விலையில் இருப்பவை பெரும்பாலும் சீனாவின் சின்ன நிறுவனங்கள் செய்பவை. ஆன்பெர்னிக், மியூ, ரெட்ராய்ட் என்ற பெயர்களைத் தேடிப் பார்த்தவர்கள் அறிவார்கள். இவர்களிடம் விளையாட்டுக் கடையும் கிடையாது, பெரிய மூலதனமும் கிடையாது. எப்படி விலையை இறக்குகிறார்கள்? யோகோயின் வழியில்தான். டிவி பாக்ஸுக்கும் மலிவு டேப்லெட்டுக்கும் லட்சக்கணக்கில் செய்து விலை விழுந்துவிட்ட ராக்சிப், ஆல்வின்னர் போன்ற நிறுவனங்களின் சிப்புகளைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். புதிய கணினி விளையாட்டு எதுவும் அதில் ஓடாது. ஆனால் கேம் பாய் காலத்திலிருந்து முதல் பிளேஸ்டேஷன் காலம் வரை எழுதப்பட்டவற்றுக்கு அந்தச் சிப்பே மிச்சம். இங்கே சிப்பைக் குறைத்தது குறையே இல்லை.

திரையிலும் சிலர் அருமையாக யோசித்திருக்கிறார்கள். பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் பெரும்பாலும் 320-க்கு 240 புள்ளிகளில் வரைந்தவை. 640-க்கு 480 திரை வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் சரியாக நான்கு புள்ளிகளாக விரியும். கூர்மை சிதையாது. இதே விளையாட்டைக் கணக்குப் பொருந்தாத பெரிய திரையில் போட்டால் சில வரிசை தடித்தும் சில மெலிந்தும் தெரியும். விலை கூடிய திரையில் படம் அசிங்கமாகவும், விலை குறைந்த திரையில் அச்சடித்தது போலவும் இருப்பதை நானே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இதே கருவிகளில்தான் மனசு ஆறாத குறைப்புகளும் இருக்கின்றன. எனக்கு ரொம்பக் கோபம் வருகிற ஒன்றைச் சொல்கிறேன். டைப்-சி சார்ஜிங் துளை வைத்திருப்பார்கள். ஆனால் இரு பக்கமும் சி இருக்கிற கேபிளைப் போட்டால் சார்ஜ் ஏறாது. ஏனென்றால் அந்தக் கேபிளில் சார்ஜர் முதலில் 'எதிரே யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கும். கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருந்தால்தான் அதற்குப் பதில் போகும். பதில் வராவிட்டால் சார்ஜர் மின்சாரத்தை விடவே விடாது. அந்த இரண்டு ரெசிஸ்டர்களின் விலை சில பைசா. அதைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். வாங்கியவர் கருவி செத்துப்போச்சு என்று நினைத்து என்னிடம் கொண்டு வருவார். ஒரு பக்கம் பழைய அகல முனை இருக்கும் கேபிளைச் செருகினால் உடனே சிவப்பு விளக்கு எரியும். இதில் விலைக்கும் தரத்துக்கும் நடுவே எந்தச் சமரசமும் இல்லை. வெறும் அசட்டை. ஒரு கருவியை வாங்கும் முன் என்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், இதைத்தான் கேட்பேன். இந்த இரண்டு ரெசிஸ்டரை ஞாபகமாக வைத்தவர் மற்றதையும் பார்த்துச் செய்திருப்பார்.

அடுத்தது ஸ்டிக். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எழுபதாயிரம் ரூபாய்க் கருவி என் மேசைக்கு வந்தது இதனால்தான். வழக்கமான ஸ்டிக்குக்குள் இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் திருகில் இருக்கும் அதே அமைப்பு. கார்பன் பூசிய ஒரு பாதை, அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் உலோக நாக்கு. எங்கே நாக்கு நிற்கிறதோ அதை வைத்து எவ்வளவு தள்ளினோம் என்று கருவி அறியும். உரச உரசக் கார்பன் தேயும், தூள் சேரும். நடுவில் விட்டாலும் 'தள்ளுகிறார்' என்றே கருவி நினைக்கும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறோம். 2017-இல் வந்த ஸ்விட்சின் கைப்பிடியான ஜாய்-கான் இதனால் உலகம் முழுக்கப் பேர் கெட்டது. பழைய வால்யூம் திருகு கரகரத்தால் ரேடியோக்காரர் துளி கிளீனர் விட்டுத் திருகுவார் அல்லவா, அதே வைத்தியம் இதற்கும் சில நாள் தாங்கும். அப்புறம் மாற்றத்தான் வேண்டும்.

இதற்கு மாற்று ஹால் சென்சார். ஸ்டிக்கின் அடியில் ஒரு குட்டிக் காந்தம். அது நகர்வதைத் தொடாமலே சென்சார் உணரும். உரசல் இல்லை, அதனால் அந்தத் தேய்மானமும் இல்லை. இது நேற்று வந்த புதுமையும் இல்லை. 1998-இல் செகாவின் டிரீம்காஸ்ட் கைப்பிடியிலேயே இருந்தது. இன்று ஐந்தாயிரம், ஆறாயிரம் ரூபாய்க் கருவிகள் சிலவற்றில் ஹால் ஸ்டிக் இருக்கிறது. 2025 ஜூனில் 449.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச் 2-இல் இல்லை. விலை ஏறினால் பாகமும் ஏறும் என்ற நம்பிக்கையை இந்த ஓர் உதாரணமே உடைத்துவிடும். ஸ்விட்ச் 2-இல் திரையும் சிப்பும் நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் பையன்களின் கட்டைவிரல் நாள் முழுக்கத் தேய்க்கிற இடம் ஸ்டிக்தான்.

பட்டியலில் வராத தரம் இன்னொன்றும் உண்டு, அது ஸ்க்ரூ. ஸ்டீம் டெக்கின் முதல் பதிப்பில் ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டு இறங்குபவை. நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். 2023-இல் வந்த ஓஎல்இடி பதிப்பில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை வைத்தது) உலோக மரையில் இறங்கும் ஸ்க்ரூவாக மாற்றினார்கள். விளம்பரத்தில் இதை யார் பார்த்து வாங்கப் போகிறார்கள்? ஆனால் அதை மாற்றச் சொல்லி யாரோ ஒருவர் அந்தக் கம்பெனிக்குள் வாதாடியிருக்கிறார். திறந்து பார்க்கிற என் போன்றவர்களுக்கு அந்த ஆளின் மேல் ஒரு மரியாதை வரும்.

மலையில் இருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெல்லிய காற்று சூட்டைக் குறைவாகவே எடுத்துச் செல்லும் என்பதால் ஃபேன் வைத்த கருவிக்கு இது பாதகம். ஆனால் அடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிட இங்கே குளிர் மிக அதிகம். அந்தக் குளிர் மெல்லிய காற்றின் குறையைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடுகிறது. சூட்டைவிட இங்கே எதிரி ஈரம். கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. பட்டனுக்குக் கீழே இருக்கும் கார்பன் முனைகளும், எஸ்டி கார்டின் தங்க முலாம் பூசிய கால்களும் ஓரிரு மழைக்காலத்தில் மங்கிவிடுகின்றன. தை மாதம் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இரவில் ஜீப்பில் மறந்து விட்ட கருவியை, காலையில் அப்படியே சார்ஜில் போடக் கூடாது. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். குளிர்ந்த கருவியோடு மலை இறங்கி மேட்டுப்பாளையத்துப் புழுக்கத்தில் பையைத் திறந்தாலும் கண்ணாடித் தம்ளர் வேர்ப்பது போல அது உள்ளுக்குள் வேர்க்கும். அரை மணி நேரம் பையிலேயே இருக்கட்டும், பிறகு எடுங்கள்.

மழைக்காலத்துக் கரண்ட் கட்டும் விலையின் ஒரு பகுதிதான். பெரிய கருவிகள் 45 வாட், 65 வாட் சார்ஜர் கேட்கும். வீட்டில் இருக்கும் சாதாரண பவர் பேங்க் போட்டால் விளையாடிக்கொண்டே சார்ஜ் இறங்கும். சின்னக் கருவிகள் 5 வோல்ட் பழைய போன் சார்ஜரில் நிறைந்துவிடும். நெட் வழியாக விளையாட்டை வரவழைக்கும் கருவிகள் வேறு இருக்கின்றன. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் அப்படி. வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருந்து, நல்ல வைஃபையும் இருந்தால்தான் முழுப் பயன். மூடுபனியில் டவரே காணாமல் போகிற எஸ்டேட் லைனில் அதற்கு வேலை இல்லை.

பெட்டி விலைக்குள் வராமல் ஒளிந்துகொள்ளும் விலைகளும் உண்டு. சோனியின் வீட்டா என்ற கையடக்கக் கருவி 2011-இல் அற்புதமான ஓஎல்இடி திரையோடு வந்தது. ஆனால் அதற்கென்றே தனி மெமரி கார்டு. அமெரிக்காவில் 32 ஜிபி கார்டு 99.99 டாலர். பெட்டியில் குறைத்ததைக் கார்டில் பிடுங்கினார்கள், மக்களும் ஒதுங்கிவிட்டார்கள். நிண்டெண்டோவும் அதே ஆண்டு 3டிஎஸ் என்ற கையடக்கக் கருவியை அமெரிக்காவில் 249.99 டாலருக்கு விட்டுப் பார்த்தது. ஐந்து மாதத்துக்குள் 169.99-க்கு இறக்க வேண்டி வந்தது. முதலில் வாங்கியவர்களுக்கு இருபது விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். விலையைத் தவறாக வைத்தது எங்கள் தப்பு என்று செயலில் காட்டிய ஒருவர்.

சின்னக் கருவிகளில் ஒளிந்திருக்கும் விலை வேறு மாதிரி. கூடவே ஓர் எஸ்டி கார்டு வரும், உள்ளே ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள். அவற்றில் பெரும்பாலானவை உரிமை இல்லாமல் நகலெடுத்தவை. அடுத்தவர் உழைப்பை இலவச இணைப்பாகக் கொடுத்து விலையை மலிவாகக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. அந்தக் கார்டும் பெயர் தெரியாத மட்டமான சரக்கு. சில மாதங்களில் செத்துவிடும், சேமித்து வைத்த ஆட்டமெல்லாம் கூடவே போகும். நல்ல கார்டு ஒன்று தனியாக வாங்கியே ஆக வேண்டும். அதையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. ஜிபி ஸ்டுடியோ போன்ற இலவச மென்பொருளில் இன்றைக்கும் பலர் கேம் பாய்க்குப் புதிய விளையாட்டுகள் செய்து, சிலர் சும்மாவும் சிலர் சின்ன விலைக்கும் கொடுக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். முதலில் நான் யோசித்தது கேம் கருவியே வேண்டாம், அவருடைய போனில் மாட்டுகிற கைப்பிடி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான். எட்டாயிரம் ரூபாய்க் கருவி எதையும்விட அந்தப் போனின் சிப் வேகமானது. கைப்பிடியும் இரண்டு மூன்றாயிரத்துக்குக் கிடைக்கும். அவரிடம் கேட்டேன்.

"போன் ஒண்ணுதான் தம்பி வீட்டுல. அவன் கையில குடுத்தா சார்ஜ் தீந்துரும். இவங்கப்பா திருப்பூர்ல இருந்து ராத்திரிதான் கூப்புடுவாரு. அதுவும் இல்லாம, போன் குடுத்தா அவன் கேமோட நிக்க மாட்டான்."

அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தனிக் கருவிக்கான நியாயம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. மூன்றரை இன்ச் திரை, ஹால் ஸ்டிக், பேட்டரியைத் தனியாக மாற்ற முடிகிற அமைப்பு. இப்படி ஒன்றை ஏழாயிரத்துக்குள் பார்த்து வைத்திருந்தேன். அதே விலையில் பெரிய திரையும் கூடுதல் ஜிபியும் போட்ட இன்னொன்றும் இருந்தது. பையன் பார்வை அதன் மேல்தான். "இதுல நம்பர் எல்லாம் பெருசா இருக்கும், ஆனா கைக்குத் தாங்காது" என்று ஸ்டிக்கையும் பொத்தானையும் விளக்கினேன். பையன் முகம் சுருங்கியது. அக்கா சட்டென்று சொன்னார்: "கத்திரி வெச்சு வெட்டுன இலை மாதிரின்னு சொல்லுங்க. கிலோ நிக்கும், ஃபேக்டரிக்காரன் வெல குடுக்க மாட்டான்."

நான் அரை மணி நேரம் சுற்றி வளைத்ததை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கருவி வந்ததும் கூப்பிட்டுக் கொடுத்தேன். புதுக் கார்டு ஐந்நூறு சில்லறை. ஒன்றை மட்டும் என்னால் தவிர்க்க முடியவில்லை. அந்தக் கருவியிலும் ரெசிஸ்டர் இல்லை, சி-க்கு சி கேபிள் போட்டால் ஏறவில்லை. கடையில் இருந்த அகல முனைக் கேபிள் ஒன்றை எடுத்து, வீட்டில் போன் கேபிளோடு குழம்பாமல் இருக்க அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிப் பையன் கையில் கொடுத்தேன். "இத மட்டும்தான் போடணும், சரியா?" என்றேன். "சரிங்கண்ணா" என்று சொல்லி அதைச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டான். கருவி அம்மாவின் கூடையில் போனது.